மூன்று தடவை கேட்டேன்

லைட்ஹவுஸ் குப்பம்
12.2.2025

தங்கை அமுதவல்லிக்கு,

அண்ணன் லோகநாதன் எழுதுவது. நானும் உன் அண்ணி கோவிந்தம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். மார்கழியில் வந்த முட்டிவலி இன்னும் ஊருக்குக் கிளம்பவில்லை. உன் சர்க்கரை எப்படி? மாப்பிள்ளை வீரராகவனுக்குக் கண் ஆபரேஷன் முடிந்துவிட்டதா?

நான் போனை எடுப்பதில்லை என்று அண்ணியிடம் குறைபட்டுக்கொண்டாயாம். இனியும் எடுக்க மாட்டேன். அதில் பேசுகிறவர்கள் எல்லாரும் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள். டிவியில் செய்தி வாசிக்கிறவர்களும் அப்படித்தான். வாயைத் திறந்து பேசும் பழக்கமே நாட்டில் போய்விட்டது. காகிதத்தில் எழுதினால் எழுதினதுதான். நான் ஐந்தாவதோடு நின்றவன். பழைய பேப்பரையும் ரெசின் டப்பாவின் லேபிளையும் எழுத்துக்கூட்டித் தமிழையும் ஃபைபர் வேலையையும் ஒன்றாகக் கற்றேன். ஷெட்டுக்குக் கூரை கேட்டுச் சங்கத்துக்கு நாலு மனு போட்டிருக்கிறேன். பதில் இல்லை. ஐந்தாவதும் போடுவேன்.

இப்போது உன்னிடம் ஒரு விஷயம் கேட்க வேண்டும். தையல் கம்பெனியில் ஐம்பது பேரை வைத்து வேலை வாங்குகிறவள் நீ. என் படகு ஷெட்டில் பூவிழி என்று ஒரு பெண். முப்பத்தேழு வயது. படகில் ஒட்டும் ஃபைபர் பாய் வெட்ட வந்தவள், ஐந்து வருஷத்தில் ஆரம்பாக்கம் வரைக்கும் பேர் வாங்கிவிட்டாள். உடைந்த இடத்தை அவள் அடைத்தால் அடைத்த இடத்தைக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் பேச மாட்டாள். ஏதாவது கேட்டால் உதடு மட்டும் லேசாக அசையும்.

படகைத் தண்ணீரில் விடுவதற்கு முன் மேஸ்திரி "இறக்கலாமா?" என்று மூன்று தடவை கேட்க வேண்டும். யாரும் வேண்டாம் என்று சொல்லாவிட்டால் தள்ளுவோம். நம் நைனா காலத்து வழக்கம், உனக்குத் தெரியாததில்லை. மற்றவர்கள் "எறக்கலாம்!" என்று கத்துகிறார்கள். இவள் மரம் மாதிரி நிற்கிறாள். இது அடக்கமா, திமிரா? இப்படிப்பட்டவளை எப்படி மேய்ப்பது என்று எழுது.

உன் அண்ணன்,
லோகநாதன்


அம்பத்தூர்
22.2.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று எனக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருந்தது. படித்துச் சிரித்ததில் இறங்கியிருக்கும். இவருக்குக் கண் நன்றாகத் தெரிகிறது. வீட்டு ஒட்டடை எல்லாம் இப்போதுதான் கண்ணில் படுகிறதாம். அண்ணியை முட்டிக்கு எண்ணெய் சூடு பண்ணிப் போடச் சொல்லுங்கள்.

போன மாதம் கம்பெனியில் சூப்பர்வைசர்களை எல்லாம் உட்காரவைத்து ஒரு வகுப்பு நடத்தினார்கள். அறுபது கேள்வி உள்ள ஒரு தாளைக் கொடுத்து, பதிலை வைத்து ஆளை வகை பிரித்தார்கள். அதில் ஒரு வகையினர் மனசுக்குள்ளேயே பேசி முடித்துவிட்டு, முடிவை மட்டும் வெளியே கொண்டுவருகிறவர்கள். அதிலும் சிலருக்கு வழி தெரியாமலே விடை வந்துவிடுமாம். "எப்படித் தெரிந்தது?" என்று கேட்டால் தவித்துப்போவார்களாம். வகுப்பில் இதைச் சொன்னபோது எனக்கு உங்கள் பூவிழியைத் தெரியாது. என்னைத்தான் நினைத்துக்கொண்டேன். என் தாளும் அந்த வகைதான்.

அண்ணா, பதினொரு வருஷம் நான் சாதாரண டெய்லராகவே இருந்தேன். காலைக் கூட்டத்தில் மேனேஜர் "எல்லாம் ஓகேவா?" என்று கேட்டுவிட்டு, நாங்கள் மூச்சு விடுவதற்குள் அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார். ஒரு தடவை, காலர் தைத்து அனுப்பிய லாட் முழுவதும் பழுது என்று திரும்பி வரும் என எனக்குத் தெரிந்திருந்தது. சொல்லவில்லை. திரும்பி வந்தது.

அதனால் நான் கற்றுக்கொண்டது இதுதான். நாலு பேர் முன்னால் அவளிடம் கேட்காதீர்கள். கேட்டால் உடனே பதில் எதிர்பார்க்காதீர்கள். "ஏன்?" என்று கேட்காமல் "எங்கே?" என்று கேளுங்கள். அந்த வகைக்கு "ஏன்" பூட்டு மாதிரி.

நான் பெரிய கெட்டிக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். சுபஸ்ரீ என்று ஒரு நல்ல டெய்லர். பேசிப் பழகட்டும் என்று அவளை முன்வரிசை மேஜையில் போட்டேன். பதினைந்தே நாளில் வேலையை விட்டுப் போய்விட்டாள்.

உங்கள் தங்கை,
அமுதவல்லி


லைட்ஹவுஸ் குப்பம்
10.3.2025

தங்கைக்கு,

இங்கே எல்லாரும் உயிரோடும் வாயோடும் இருக்கிறோம், பூவிழியைத் தவிர. அவளுக்கு உயிர் மட்டும்தான். நீ மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறாயா?

அறுபது கேள்வி கேட்டு மனுஷனை வகை பிரிக்கிறவனுக்கு ஒரு படகை வகை பிரிக்கத் தெரியுமா? ஆனாலும் நீ எழுதியபடி செய்தேன். அவளைத் தனியாக, பிரதாப் கிரைண்டர் ஓட்டும் இடத்துப் பக்கம் கூட்டிப்போய்க் கேட்டேன். உதடு அசைந்தது. ஒன்றும் வெளியே வரவில்லை. "வாயில இன்னா கொழுக்கட்டையா?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள். உன் கம்பெனிப் பாடம் இந்தக் கரைக்கு ஒத்துவராது.

ஆனால் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். ஆரம்பாக்கத்திலிருந்து பிராங்க்ளின் ஒரு படகு கொண்டுவந்தான். முகப்பில் தண்ணீர் ஏறுகிறதாம். மூன்று ஷெட்டில் காட்டி, மூன்று பேரும் முகப்பிலேயே பாய் ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். நானும் அதைத்தான் செய்திருப்பேன். பூவிழி படகை இரண்டு சுற்று வந்தாள். அதன் நிழலிலேயே உட்கார்ந்து சாப்பாட்டை முடித்தாள். எழுந்து நேராகப் பின்பக்கம் போய், இன்ஜின் மாட்டும் பலகைக்குக் கீழே சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டாள். நான் "எங்கே?" என்று கேட்கவே இல்லை, அதற்குள் போட்டுவிட்டாள். அறுத்துப் பார்த்தால் உள்ளே இருந்த பிளைவுட் டீயில் நனைந்த ரஸ்க் மாதிரி கையோடு வந்தது. பின்னால் குடித்த தண்ணீர், படகு சாயும்போதெல்லாம் முன்னால் ஓடியிருக்கிறது.

பிராங்க்ளின் என்னைக் கும்பிட்டான். "அவளக் கும்புடு" என்றேன். அவள் அதற்குள் கை கழுவப் போய்விட்டாள். இந்த வேலையில் முப்பது வருஷம் இருந்தும் எனக்கு அப்படி ஒரு வட்டம் போட வந்ததில்லை. இதை நான் சொன்னதாக யாரிடமும் சொல்லாதே.

லோகநாதன்


அம்பத்தூர்
19.3.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

மாத்திரை தவறாமல் போடுகிறேன். நீங்கள் வெயிலில் தலைக்குத் துண்டு கட்டிக்கொள்ளுங்கள்.

அந்த சாக்பீஸ் வட்டத்தைப் பற்றிப் படித்துவிட்டு, என் லைனில் உள்ள எட்டுப் பேருக்கு வாசித்துக் காட்டினேன். யாரிடமும் சொல்லக் கூடாது என்று நீங்கள் எழுதியிருந்தது கடைசி வரி. அதற்குள் வாசித்து முடித்துவிட்டேன்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். கிரைண்டர் ஓடும் இடத்தில் நின்றா அவளிடம் கேட்டீர்கள்? அந்தச் சத்தத்தில் நானாக இருந்தாலும் நீங்கள் கொழுக்கட்டை என்றுதான் நினைத்திருப்பீர்கள். சத்தம் இல்லாத இடத்தில், அவள் முகத்தைப் பார்த்தபடி, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. போன பொங்கலுக்கு நான் பின்னாலிருந்து "அண்ணா, அண்ணா" என்று கூப்பிட்டுக்கொண்டே கலங்கரை விளக்கம் வரை வந்தேன். நீங்கள் திரும்பவே இல்லை. ஏதோ வருத்தம் என்று நினைத்து, ஊர் வந்து சேரும்வரை அழுதேன். வருத்தம் ஒன்றும் இல்லையே?

அமுதவல்லி


லைட்ஹவுஸ் குப்பம்
30.4.2025

அமுதவல்லிக்கு,

உடம்பு சுகம் எல்லாம் விசாரிக்கும் நிலையில் இல்லை. நீயாவது நன்றாக இரு.

சனிக்கிழமை காலை பச்சைமுத்துவின் படகை இறக்கினோம். இருபது நாள் வேலை. பின்பலகை முழுக்கப் பூவிழி கைவேலை. அவன் சொந்தக்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். தேங்காய் உடைத்தாயிற்று. நான் மூன்று தடவை கேட்டேன். "இறக்கலாமா? இறக்கலாமா? இறக்கலாமா?" எல்லாரும் கத்தினார்கள். பூவிழி எனக்கு வலப்பக்கம் நின்றிருந்தாள். அவள் முகத்தையும் பார்த்தேன். மறுப்பு இல்லை. "சரி, தள்ளு" என்றேன்.

முகத்துவாரத்தில் அலை தூக்கிப் போட்டதில் பின்பலகை பிளந்து, இன்ஜின் தண்ணீருக்குள் போய்விட்டது. படகு கவிழ்ந்தது. படகில் இருந்த மூன்று பேரும் நீந்திக் கரை சேர்ந்தார்கள், அந்த மட்டும் கங்கையம்மன் காப்பாற்றினாள். பச்சைமுத்துவுக்கு வலக்கை முறிந்து மாவுக்கட்டு போட்டிருக்கிறது. கரை ஏறினதும் அவன் முதலில் பார்த்தது பூவிழியை. அவள் அழுதுகொண்டு நின்றாள். அவளுக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது என்று அந்த முகமே சொன்னது. தெரிந்தும் ஏன் சொல்லவில்லை? மூன்று தடவை கேட்டேனே அமுதவல்லி! ஒரு தடவை வாயைத் திறந்திருந்தால் போதுமே!

அவள் இப்போது வேலைக்கு வருவதில்லை. திருப்பாலைவனத்தில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் எந்த ஷெட்டிலும் எந்தப் படகையும் தொடக் கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் எழுதி வாங்கப்போகிறானாம் பச்சைமுத்து. அவன் கட்டுப் பிரித்ததும், ஜூலை முதல் ஞாயிறு, கூட்டம். நான் என்ன சொல்வது? சொல்லாதவளுக்காக நான் என்ன சொல்வது?

லோகநாதன்


அம்பத்தூர்
7.5.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உயிர்ச்சேதம் இல்லை என்ற வரிக்கு வந்த பிறகுதான் உட்கார்ந்தேன். சாப்பிடாமல் இருக்காதீர்கள்.

"மூன்று தடவை கேட்டேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கேள்வி கேட்டதைச் சொல்கிறீர்களா, பதிலைக் கேட்டதைச் சொல்கிறீர்களா? இரண்டுக்கும் நம்மிடம் ஒரே சொல்தான் இருக்கிறது. அதனால் இரண்டாவதையும் செய்துவிட்டோம் என்று மனசு நினைத்துக்கொள்கிறது.

பச்சைமுத்து கரை ஏறின பிறகு பூவிழியிடம் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பதை எழுதவில்லை. அவள் ஊரை விட்டே போகும்படி ஏதோ சொல்லியிருக்கிறீர்கள்.

அமுதவல்லி


அம்பத்தூர்
9.6.2025

அண்ணனுக்கு,

ஒரு மாதமாகப் பதில் இல்லை. அண்ணியிடம் விசாரித்தேன். காய்ச்சல் எதுவும் இல்லை, ஷெட்டில் தனியாக உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றாள்.

உங்களிடம் சொல்லாமல் பிரதாப்புடன் போனில் பேசினேன். அதற்காகத் திட்டிக்கொள்ளுங்கள். கரையில் நூறு பேர் முன்னால் "ஊமைக்கு என் ஷெட்ல வேல இல்ல" என்று சொன்னீர்களாம். அன்று காலை நடந்ததையும் பிரதாப் சொன்னான். அதை நான் எழுத மாட்டேன். அது என் மூலமாக உங்களுக்கு வரக் கூடாது. பூவிழிக்கு ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். அவளுக்குப் பேச்சுத்தான் வராது. எழுத்து வரும் என்று எனக்குத் தோன்றுகிறது. எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

அமுதவல்லி


லைட்ஹவுஸ் குப்பம்
14.6.2025

பூவிழிக்கு,

நீயும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும். 

அன்று காலை நான் இறக்கலாமா என்று கேட்டபோது உன் மனசில் என்ன இருந்தது? ஏன் என்று கேட்கவில்லை. என்ன என்றுதான் கேட்கிறேன். அவசரம் இல்லை. எழுத இஷ்டம் இல்லாவிட்டால் எழுத வேண்டாம்.

லோகநாதன்


திருப்பாலைவனம்
18.6.2025

மாமாவுக்கு,

பூவிழி வணக்கம். பிள்ளைகள் சுகம். அத்தையைக் கேட்டதாகச் சொல்லவும்.

நீங்கள் எழுதிக் கேட்டதால் எழுதுகிறேன். முந்தின நாள் சாயங்காலம் வரை எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அன்று காலை, மஞ்சள் வைக்கும்போது பின்பலகையில் என் விரல் பட்டது. சரியில்லை என்று பட்டது. ஏன் என்று அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது. ஈரம் முழுக்கக் காயும் முன் மூடியிருப்பேன். அப்படியானால் தப்பு என்னுடையதுதான்.

ஆனால் நான் சொன்னேன் மாமா. நீங்கள் முதல் தடவை கேட்டபோது "வேணாம் மாமா" என்றேன். இரண்டாம் தடவையும் சொன்னேன். பக்கத்தில் நின்ற பிரதாப் அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். மூன்றாம் தடவை கேட்டுவிட்டு நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். பார்த்துவிட்டு "சரி, தள்ளு" என்றீர்கள். என் பேச்சைக் கேட்டு, வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டீர்கள் என்று நினைத்தேன். பிரதாப் அண்ணனும் அப்படித்தான் நினைத்தார். மாமா முடிவு பண்ணிவிட்டால் யார் சொன்னாலும் மாறாது என்பது ஊருக்கே தெரியும்.

பிறகு கரையில், நான் சொல்லவே இல்லை என்று நீங்கள் கத்தியபோதுதான் எனக்குப் புரிந்தது. உங்கள் வலது காதுப் பக்கம் நின்று சொன்னேன். ஷெட்டில் எப்போதும் கிரைண்டர் பக்கம் இருக்கும் காது அது. கொஞ்ச நாளாகவே எனக்குச் சந்தேகம். நூறு பேர் முன்னால் அதைச் சொல்ல வேண்டாம் என்றுதான் பேசாமல் வந்துவிட்டேன். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். நீங்கள் பயப்பட வேண்டாம்.

பூவிழி


லைட்ஹவுஸ் குப்பம்
8.7.2025

அமுதவல்லிக்கு,

நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். என் உடம்பைப் பற்றி நான் உனக்கு இதுவரை உண்மை எழுதியதில்லை. முட்டிவலியை மட்டும் எழுதினேன். வலது காது போய் நாலு வருஷம் ஆகிறது. இடது காது பாதி. பொங்கலன்று நீ கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை. வருத்தம் ஒன்றும் இல்லை. 

பூவிழியின் கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். படித்துவிட்டுத் திருப்பி அனுப்பு. "நீங்கள் பயப்பட வேண்டாம்" என்று அவள் எழுதியிருக்கும் இடத்தைப் பார். பிழைப்பு போனது அவளுக்கு. பேர் கெட்டது அவளுக்கு. பயப்பட வேண்டாம் என்று எனக்குச் சொல்கிறாள். அறுபத்தாறு வயதில் என்னை யாரும் இப்படி உட்காரவைத்தது கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை கோயில் பந்தலில் ஊர் கூடியது. பூவிழியும் புருஷனோடு வந்து, பின்னால் பெண்கள் பக்கம் நின்றாள். நடந்த பேச்சைப் பிரதாப் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தான். அதைப் பார்த்து எழுதுகிறேன்.

பச்சைமுத்து எழுந்து, "வாயே தொறக்காத பொம்பளைக்கு இன்னாத்துக்குயா படகு வேல? உசுரோட வெளையாட்டா?" என்றான்.

நான் எழுந்தேன். "அவ வாயத் தொறந்தா. ரெண்டு தபா வேணாம்னு சொன்னா. எனக்குத்தான் காது செவுடு. தப்பு என்னுது."

சொல்லி முடித்தால் சத்தம் செத்துப்போகும் என்று நினைத்திருந்தேன். ஊரே சிரித்தது! பல்லைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

"இன்னா மச்சான், புச்சா கத வுடுற?" என்றான் பச்சைமுத்து. "காது நல்லாக் கேக்கச் சொல்லவே நீ எவன் பேச்சக் கேட்ட? கலியாணத்தன்னிக்குப் பொண்ணு வூட்டார் பேச்சயே கேக்காதவன் நீ!"

ஊர்த் தலைவர் தினகரன் என் தோளில் கை வைத்து, "லோகு அண்ணே, அந்தப் பொண்ணக் காப்பாத்தணும்னு பொய்யிப் பழியத் தூக்கிக்காத. ஒன் வீம்பு எங்களுக்குத் தெரியாதா?" என்றானாம்.

பார்த்தாயா? செவிடு என்று தெரிந்தால் ஊர் என்னை ஒதுக்கிவிடும் என்று நாலு வருஷம் மறைத்தேன். சொன்ன பிறகு ஒருத்தனும் நம்பவில்லை. அவள் சொன்னதைத் தன் காதால் கேட்டதாகப் பிரதாப் சொல்லியும், அவன் என் ஆள் என்று தள்ளிவிட்டார்களாம். என் பிடிவாதத்துக்கு இருந்த பேர், என் காதை மூடி மறைத்துவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் கையைக் கட்டிக்கொண்டு அவர்களைப் பார்த்து நின்றேன். நம்பும்வரை உட்காருவதில்லை என்று.

அப்போது ஒன்று நடந்தது. எல்லார் பார்வையும் எனக்குப் பின்னால் போனது. அப்புறம் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். அப்புறம் எல்லார் கண்ணும் ஒரே நேரத்தில் என் இடுப்புக்கு வந்தது. நான் அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து உன் அண்ணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பச்சைமுத்து நல்ல கையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தான். தினகரன் முன்னால் வந்து நின்று, நான் உதட்டைப் படிக்கும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னான்: "நம்பறோம்ணே. பூவிழி மேல தப்பு இல்ல."

திரும்பிப் பார்த்தேன். பூவிழி எனக்கு நேர் பின்னால் நின்றிருந்தாள். முகம் செவசெவ என்று இருந்தது. எப்போது பெண்கள் பக்கத்திலிருந்து வந்தாள் என்று தெரியாது. அவள் என்னவோ பேசியிருக்கிறாள். என்ன பேசினாள் என்று பிரதாப் எழுதவில்லை. அந்த இடத்தில் கோடு போட்டுவைத்திருக்கிறான். அண்ணியைக் கேட்டால் எழுந்து அடுப்படிக்குப் போகிறாள். ஊரில் ஒருத்தரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

லோகநாதன்


அம்பத்தூர்
15.7.2025

என் அண்ணனுக்கு,

நானும் இவரும் நன்றாக இருக்கிறோம். உங்கள் கடிதத்தை இவர் புதுக்கண்ணால் இரண்டு தரம் படித்தார். பூவிழியின் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அதைப் படித்த அன்று சுபஸ்ரீ வீட்டைத் தேடிக்கொண்டு போனேன். வெளியே நின்று மன்னிப்புக் கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். கடைசி மேஜை காலியாக இருக்கிறது, யோசிக்க எத்தனை நாள் வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உங்களிடம் ஊர் சொல்லாததை அண்ணி எனக்குப் போனில் சொன்னாள். சிரிப்பிலும் அழுகையிலும் அவளுக்குப் பாதிப் பேச்சு வரவில்லை. நான் எழுதிவிடுகிறேன். உங்களுக்குத் தெரியாமல் ஊருக்கெல்லாம் தெரிந்திருப்பது சரியில்லை.

யாரும் நம்பவில்லை என்றதும் பூவிழி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றாளாம். ஐந்து வருஷமாக உங்கள் முன்னால் தலை நிமிராதவள், குப்பமே கேட்கும்படி சொன்னாளாம்: "டேய் லோகநாதா! வேட்டி அவுந்து வுழுதுடா!"

காது கேட்கிற எந்த ஆம்பிளையும் அதற்குக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க மாட்டான் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நீங்களே வாய்விட்டுச் சொல்லியும் நிரூபிக்க முடியாததை ஒரே வரியில் முடித்துவிட்டாள். ஊர் மருமகள் ஒருத்தி மாமனை "டேய்" என்று கூப்பிட என்ன துணிச்சல் வேண்டும் என்று நினைத்துப் பார்க்கிறேன். அவளை இதுபோல இன்னொரு தரம் பேசவைக்கும் தேவை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதுதான் மேஸ்திரி வேலை.

நீங்களும் ஒன்றும் குறைந்தவர் இல்லை. நூறு பேர் சிரிக்கும்போது, நம்பும்வரை உட்காருவதில்லை என்று நின்றீர்களே. அந்தப் பிடிவாதத்தால் சின்ன வயசில் நான் பட்ட பாடு எல்லாம் எனக்கு மறந்தே போயிற்று.

காதுக்கு மெஷின் வைத்துக்கொள்ளுங்கள்.

அமுதவல்லி


லைட்ஹவுஸ் குப்பம்
2.8.2025

தங்கைக்கு,

எல்லாரும் சுகம். உன் அண்ணி என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரிக்கிறாள். அதுவும் ஒரு சுகம்தான் என்று வைத்துக்கொள். மெஷின் வேண்டாம். மறுபடி எழுதாதே.

நீ எழுதியதைப் படித்த மறுநாள் ஷெட்டுக்குப் போனேன். பூவிழி வந்து ஒரு வாரம் ஆகிவிட்டது. ரெசின் கலந்துகொண்டிருந்தாள். அவளுக்கு எதிரில் போய் நின்று, லுங்கியை அவிழ்த்து இறுக்கிக் கட்டினேன். அவள் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். தோள் இரண்டும் குலுங்கின. பிரதாப் கிரைண்டரை நிறுத்திவிட்டு வெளியே ஓடினான். ஊமை என்று நான் சொன்னதற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். எல்லார் முன்னாலும் சொன்னதால் எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தித்தான் கேட்டேன். இதை ஒரு தடவைதான் எழுதுவேன்.

"இறக்கலாமா?" என்று கேட்கும் வழக்கத்தை நிறுத்திவிட்டேன். நைனா காலத்து வழக்கம் என்று நாலு பெரியவர்கள் சண்டைக்கு வந்தார்கள். நைனாவுக்குக் காது கேட்டது என்றேன். இப்போது வேலை செய்தவர்கள் எல்லாரும் படகின் மேல் கை வைக்க வேண்டும். அவரவருக்குச் சரி என்று படும்போது கையை எடுத்துவிடலாம். கடைசிக் கை எடுக்கும்வரை படகு நகராது. கையை எடுக்காதவரை யாரும் காரணம் கேட்கக் கூடாது. பேச்சு இல்லை, கத்தல் இல்லை. எனக்கும் வசதி, அவளுக்கும் வசதி.

நேற்று முதல் தடவை அதைச் செய்தோம். யார் படகு தெரியுமா? பச்சைமுத்துவுடையதுதான், அன்று கவிழ்ந்ததே. வேறு ஷெட்டுக்குக் கொண்டுபோவான் என்று நினைத்தேன். "அந்தப் பொண்ணே பாக்கட்டும்" என்று பிரதாப்பிடம் எழுதிக் கொடுத்து அனுப்பினான்.

தேங்காய் உடைத்தான். நாங்கள் எல்லாரும் கை வைத்தோம். பிரதாப் எடுத்தான். மற்ற மூன்று பேரும் எடுத்தார்கள். நானும் எடுத்தேன். பூவிழி எடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, பின்பலகையில் உள்ளங்கையைப் பதித்து நின்றாள். வெயில் ஏறியது. கடலில் தண்ணீர் வடிய ஆரம்பித்தது. தள்ள வந்தவர்கள் முணுமுணுத்தார்கள் என்று உதட்டில் தெரிந்தது. அவன் மச்சினன் ஒருத்தன் அவளிடம் ஏதோ கேட்கப் போனான். நான் குறுக்கே போய் நின்றேன். என்னைத் தாண்டிப் போக முடியாது என்பது இந்த ஊரில் பிறந்த நாய்க்கும் தெரியும்.

பச்சைமுத்து என் எதிரில் வந்து, கட்டுப் பிரித்த கையை விரித்து, எவ்வளவு நேரம் என்று ஜாடையில் கேட்டான். தெரியாது என்று நானும் ஜாடையில் சொன்னேன். அவன் படகைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். அப்புறம் தோளில் கிடந்த துண்டை எடுத்து மணலைத் தட்டிவிட்டு, எனக்கும் இடம் விட்டு உட்கார்ந்தான்.

உன் அண்ணன்,
லோகநாதன்